கைக்கு வெளியே நிற்கும் துயரம்

மனத்துயரை ஆற்றுவதற்குப் பேச்சே தலையாய வழி என்ற எண்ணம் உளமருத்துவத்தில் நூறாண்டுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது. துயருற்றவர் சொல்ல வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் அதைக் கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் பேரிழப்பும் பேரச்சமும் பல வேளைகளில் மனிதரின் சொல்லைத்தான் முதலில் பறித்துக்கொள்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ, போர்முனையிலிருந்து திரும்பிய வீரரோ, சிறுவயதில் வன்முறைக்கு ஆளான ஒருவரோ தம் நிலையைச் சொல்ல முற்படும்போது வாயடைத்துப்போவதும், சொன்ன சொல் தமக்கே பொய்யாகப் படுவதும் அரிதல்ல. அத்தகையோருக்குக் கைவேலை ஒரு வாயிலைத் திறக்கக்கூடும் என்பதை ஓவியம், நெசவு, மரவேலை எனப் பல கலைகளும் காட்டியிருக்கின்றன. அவற்றுள் களிமண்ணில் உருவம் செய்து, உலர்த்தி, தீயில் சுட்டெடுக்கும் சுடுமண் சிற்பக்கலையின் நிலை சற்று வேறானது. அது துயரைக் கரைத்துவிடும் என்று சிலர் பேசுவது மிகை. துயருக்கு ஓர் எடையையும் வடிவையும் இடத்தையும் தந்து, அதைச் சுமந்தவரே சுற்றிவந்து பார்க்கும்படி வெளியே நிறுத்துவதுதான் அக்கலையால் ஆகக்கூடியது. அதுவும் எளிதில் ஆவதில்லை, விரைவிலும் ஆவதில்லை.

களிமண் இதற்கு இவ்வளவு பொருந்தி வருவதன் காரணத்தை அறிய, அந்தப் பொருளையே கூர்ந்து பார்க்க வேண்டும். களிமண்ணின் துகள்கள் மணலைப் போலப் பருக்கைகள் அல்ல. கயோலினைட் முதலிய கனிமங்களாலான மெல்லிய தகடுகள் அவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியவை. இத்தகடுகளுக்கிடையே நீர் புகுந்திருக்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன, அதே நேரத்தில் ஒன்றையொன்று பற்றியும் நிற்கின்றன. ஆகவே அழுத்தினால் மண் நகர்கிறது, கையை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கிறது. விரல்ரேகை வரை அனைத்தையும் தன்மேல் வாங்கி வைத்துக்கொள்கிறது. சினத்தோடு குத்தியவரின் முட்டித் தடமும், தயங்கித் தயங்கித் தொட்டவரின் விரல்நுனித் தடமும் அதில் வெவ்வேறாகத் தெரியும். சொல்லில் அடங்காத ஒன்று முதலில் அழுத்தமாகவும் வேகமாகவும் வெளிப்பட்டுவிடுவதையும், பின்னர் அதைச் செய்தவரே தம் கண்ணால் பார்ப்பதையும் இந்தப் பொருள் ஒருசேர இயல்விக்கிறது.

மனிதக் கையும் இதற்கு இசைவாகவே அமைந்திருக்கிறது. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடு உணர்விகள் இருப்பதாக ஸ்வீடன் நாட்டு உடலியல் ஆய்வாளர்கள் 1970களின் இறுதியில் கணக்கிட்டனர். அழுத்தம், அதிர்வு, வழுக்கல், தோலின் இழுவை ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகள் அவை. மூளையில் தொடுவுணர்வுக்கென அமைந்த பகுதியிலும் கைக்கு அதன் அளவுக்கு மீறிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஈரக் களிமண்ணைப் பிசையும்போது இவ்வுணர்விகள் எல்லாம் ஒருசேர வேலை செய்வதால் கவனம் கையின் பக்கம் திரும்புகிறது. பழைய நிகழ்ச்சியிலேயே சுழன்றுகொண்டிருந்த மனம், இப்போது இங்கே நடப்பதற்கு இழுத்து வரப்படுகிறது. அதிர்ச்சிக்கு ஆளானவர்களை நிகழ்காலத்தில் காலூன்றச் செய்வதற்கு உளவியலாளர் கற்பிக்கும் பயிற்சிகளின் நோக்கமும் இதுவே.

பிசைவதோடு நின்றுவிட்டால் அது சிற்பமாகிவிடாது. கையளவுத் திண்மையான களிமண் உருண்டையை அப்படியே சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கடக்கையில் நீராவியாகி, வெளியேற வழியின்றி உருவத்தை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே சிற்பி களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கியோ, தட்டையாக உருட்டிய பலகைகளை ஒட்டியோ தொடக்கத்திலிருந்தே உள்ளீடற்றதாக எழுப்ப வேண்டும். அல்லது திண்மையாகச் செய்து முடித்துவிட்டு, மண் தோலைப் போல இறுகும் பதம் வரும்வரை காத்திருந்து, பின்னர் குடைந்தெடுக்க வேண்டும். இறந்துபோன தந்தையின் முகத்தைப் பல வாரம் உழைத்து உருவாக்கிய ஒருவர் இந்த இரண்டாம் முறையைக் கையாண்டால், அவர் அடுத்துச் செய்ய வேண்டியது அம்முகத்தின் உச்சந்தலையை ஒரு மெல்லிய கம்பியால் அறுத்து எடுப்பதாகும். தலைக்குள்ளிருந்து மண்ணைக் கம்பி வளையம் பூட்டிய கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, சுவர் ஒரு விரல் பருமனாகும்வரை குடைந்து, அறுத்த இரு விளிம்புகளையும் கீறி, களிமண் குழம்பைப் பூசி, மீண்டும் பொருத்தி, தழும்பு தெரியாமல் தடவிவிட வேண்டும். அன்புக்குரிய முகத்தைத் தம் கையாலேயே அறுப்பதற்கு மனம் வராமல் நாள் கடத்துவோர் உண்டு. ஆயினும் உள்ளே வெற்றிடம் இல்லாத உருவம் தீயைத் தாங்காது என்பதை அந்த மண்ணே வற்புறுத்துவதால் வேறு வழியில்லை.

அதன்பின் உலர்த்தல். காது, மூக்கு, விரல் போன்ற மெல்லிய பாகங்கள் முந்தி உலர்ந்து சுருங்கினால் உடலோடு இணையும் இடத்தில் விரிசல் விழும் என்பதால், உருவத்தை நெகிழித்தாளால் போர்த்தி, நாள்தோறும் சிறிது திறந்து, ஒரே சீராக உலர விட வேண்டும். பெரிய உருவங்களுக்கு இதற்கே பல வாரம் ஆகும். ஈர நிலையிலிருந்து சுட்டு முடிக்கும்வரை களிமண் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்குகிறது. உலர்ந்து, இன்னும் சுடப்படாத கட்டத்தில் உருவம் சிறு தட்டலுக்கே நொறுங்கும். ஆனால் நொறுங்கியதை நீரிலிட்டால் மீண்டும் குழைந்து பழைய மண்ணாகிவிடும். சூளையில் வெப்பம் 500 பாகையைத் தாண்டி ஏறுகையில்தான் திரும்ப முடியாத மாற்றம் நிகழ்கிறது: கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் பிரிந்து வெளியேறுகிறது, அதன்பின் எவ்வளவு நேரம் ஊறினாலும் அது களிமண்ணாகத் திரும்புவதில்லை. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரிவதால், அந்த எல்லையை நெருப்பு மெதுவாகவே கடக்க வேண்டும், குளிரும்போதும் அப்படியே. சாதாரணச் சுடுமண் 1,000 பாகை அளவிலும், ஸ்டோன்வேர் என்னும் கல்லிறுக்க வகை 1,200 பாகைக்கு மேலும் வேகின்றன. சூளையை மூடிய பிறகு சிற்பி செய்யக்கூடியது வெப்பத்தை ஏற்றுவதும் காத்திருப்பதும் மட்டுமே.

இந்த நீண்ட முறைமையைத் தொழில்நுட்பத் தொல்லை என்று கருதுவது பிழை. உணர்வு கொதித்தெழுந்த ஒரு மாலையில் தொடங்கிய உருவத்தை, அந்தக் கொதிப்பு தணிந்த வேறொரு நாளில் ஈரத்துணியை விலக்கிப் பார்க்க நேர்கிறது. மூன்றாம் வாரத்தில் குடைய நேர்கிறது. அடுத்த மாதத்தில் சூளையிலிருந்து எடுக்க நேர்கிறது. ஒவ்வொரு முறையும் செய்தவர் சற்று வேறொருவராகவே அதன்முன் வருகிறார். அழுது தீர்த்தல், கத்தித் தீர்த்தல் போன்ற வெளிப்பாடுகளில் இந்தத் திரும்பி வருதல் இல்லை. சுடுமண் சிற்பம் உணர்வை ஆராயும் வழி ஆவது இந்த இடைவெளிகளினால்தான். வெளிப்படுத்திய நொடியில் கிடைக்கும் ஆறுதல் அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே.

கலையை மருத்துவத்தோடு இணைத்துப் பேசும் மரபுக்குப் பெயர் தந்தவர் ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில். 1938-ல் காசநோயால் ஒரு நலவிடுதியில் படுத்திருந்தபோது வரைவது தமக்குத் தந்த தெம்பைக் கண்டு பிற நோயாளிகளுக்கும் அதைக் கற்பித்த அவர், 1942-ல் 'கலைச் சிகிச்சை' என்ற தொடரை வழக்குக்குக் கொண்டுவந்தார். களிமண்ணை மட்டுமே மையமாகக் கொண்ட முறை ஜெர்மனியில் 1970களில் உருவானது. ஹைன்ஸ் டாய்சர் வகுத்த அம்முறையில், ஆழமற்ற மரப்பெட்டி ஒன்றில் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட களிமண் மட்டமாக நிரப்பப்பட்டிருக்கும், பக்கத்தில் ஒரு கிண்ணம் நீர் இருக்கும். அமர்ந்திருப்பவர் கண்களை மூடிக்கொண்டு கைகள் போகும் போக்கில் அந்த மண்ணில் வேலை செய்வார், துணையாக ஒருவர் எதிரே இருப்பார். அழகான பொருள் எதையும் செய்து முடிப்பது அங்கே நோக்கமன்று. அங்கே எதுவும் சுடப்படுவதுமில்லை. அமர்வு முடிந்ததும் மண் மீண்டும் மட்டமாக்கப்படுகிறது. சிற்பியின் பட்டறைக்கும் இந்த மரப்பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மறக்காமல் இருப்பது நல்லது: முன்னது ஒரு பொருளை உலகில் விட்டுச்செல்கிறது, பின்னது கையின் அனுபவத்தை மட்டும் விட்டுச்செல்கிறது.

அளந்து பார்த்த ஆய்வுகளும் உள்ளன, ஆனால் அவற்றின் எண்ணிக்கை பெரிதல்ல. அமெரிக்காவில் கிம்போர்ட், ராபின்ஸ் ஆகிய இருவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 102 பேருக்கு முதலில் செயற்கையாக எதிர்மறை மனநிலை தூண்டப்பட்டு, பின்னர் சிலருக்குக் களிமண்ணும் சிலருக்கு மென்மையான பந்தும் தரப்பட்டன. பந்தைப் பிசைந்தவர்களைவிடக் களிமண்ணைக் கையாண்டவர்களின் மனநிலை கூடுதலாகத் தேறியது. ஹாங்காங்கில் 2017-ல் வெளியான ஆய்வு இதைவிடக் கனமானது. தீவிர மனச்சோர்வு நோய்க்காகப் புறநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றுவந்த 106 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் இரண்டரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் களிமண்வழிக் கலைச் சிகிச்சையும் மற்றதற்குப் பொதுவான ஓவியப் பயிற்சியும் அளித்துப் பார்த்ததில், களிமண் குழுவினரின் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. ஒப்பிடும் குழுவும் கலைப்பயிற்சியே பெற்றது என்பதால் இந்த முடிவுக்கு மதிப்பு அதிகம். அதற்காக எல்லா மனநோய்க்கும் களிமண் மருந்தாகும் என்று எவரும் முடிவுகட்டிவிட முடியாது. ஆறு வாரம் என்பது ஒரு வாழ்க்கையில் மிகச் சிறிய துண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, துயரோடு நெடுநாள் வேலை செய்த சிற்பிகளின் படைப்புகளில்தான் இக்கலையின் ஆழம் தெரிகிறது. அவர்களுள் மேரி ஃபிராங்க் குறிப்பிடத்தக்கவர். 1933-ல் லண்டனில் பிறந்து, போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், இளமையில் மார்த்தா கிரகாமிடம் நடனம் பயின்றார். சிற்பக்கலையை முறையாகப் பள்ளியில் கற்றவர் அல்லர். மரத்திலும் பிற பொருள்களிலும் வேலை செய்துவிட்டு, 1969 அளவில் களிமண்ணுக்கு வந்தார். 1974-ல் அவருடைய மகள் குவாத்தமாலாவில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தார். அப்போது அப்பெண்ணுக்கு வயது இருபது. அதற்கு முன்பும் பின்பும் அவர் செய்த பெரிய பெண்ணுருவங்கள் தரையில் கிடக்கின்றன. உருட்டித் தட்டையாக்கிய களிமண் பலகைகள் வளைக்கப்பட்டு, தோளாகவும் தொடையாகவும் முகமாகவும் தனித்தனியே சுடப்பட்டு, இடைவெளி விட்டு அடுக்கப்பட்டவை அவை. பெரிய உருவம் சூளைக்குள் அடங்காது என்பதும் இப்படித் துண்டுகளாகச் செய்வதற்கு ஒரு காரணமே. ஆனால் அந்த நடைமுறைக் கட்டாயத்தையே அவர் மொழியாக்கிக்கொண்டார். துண்டுகள் ஒட்டப்படுவதில்லை, விளிம்புகள் கிழிந்தாற்போல் விடப்பட்டிருக்கின்றன, உள்ளிருக்கும் வெற்றிடம் மறைக்கப்படுவதில்லை, மேலே மெருகுப்பூச்சும் இல்லை. இருந்தும் சற்று விலகி நின்று பார்ப்பவருக்கு அது ஓர் உடலாகவே கூடிவருகிறது.

1985-ல் அவர் செய்த சுடுமண் சிற்பம் ஒன்றுக்கு 'பெர்செஃபனி' என்று பெயர். கிரேக்கத் தொன்மத்தில் பாதாள அரசனால் கவர்ந்து செல்லப்பட்ட மகள் பெர்செஃபனி. அவளைத் தேடி அலையும் தாய் டிமீட்டர் பயிர்களின் தெய்வம், மகள் திரும்பும்வரை நிலத்தை விளையவிடாமல் செய்தவள். மகளை இழந்த தாய் இந்தப் பெயரைத் தேர்ந்ததில் உள்ள பொருத்தம் எவர் கண்ணிலும் படும். ஆயினும் ஒரு படைப்பை அதைச் செய்தவரின் வாழ்க்கை நிகழ்ச்சிக்கு நேர்விடையாகப் படிப்பது கலைக்கும் அநீதி, துயருக்கும் அநீதி. உடைந்து கிடக்கும் உடலை அவர் மகளின் மறைவுக்கு முன்பே செய்யத் தொடங்கியிருந்தார். முன்பே கையில் பழகியிருந்த ஒரு வடிவத்துக்குள் பிந்தி வந்த இழப்பு வந்து தங்க இடம் கிடைத்தது என்று சொல்வதே பொருத்தமாகும். துயரை ஆற்றுவதற்கென்றே புதிதாகக் களிமண்ணைத் தொடுவோருக்கும், ஏற்கெனவே பழகிய கைகளை உடையோருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது: பழகிய கை, தாங்க முடியாததைத் தாங்கும் திறனை முன்கூட்டியே ஓரளவு சேர்த்துவைத்திருக்கிறது.

போரின் காயத்தைக் களிமண்ணில் வைத்தவர் ஏரன் டூல். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றி 1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போருக்குச் சென்று திரும்பிய இவர், பின்னர் மட்கலைஞராகி, ஆயிரக்கணக்கான கோப்பைகளைச் செய்து விலையின்றிக் கொடுத்துவருகிறார். கோப்பைகளின் மேல் வெடிகுண்டு, மண்டையோடு, பதக்கம், படைவீரரின் முகம் ஆகியவை புடைப்பாகவும் படமாகவும் பதிந்திருக்கும். வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கொண்டுவரும் ஒளிப்படங்களையும் அவர் பதித்துத் தருகிறார். வீட்டில் எவரும் பேசத் துணியாத ஒன்று, காப்பி அருந்தும் நேரத்தில் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதால், மகன் தந்தையிடம் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்பதற்கு அது ஓர் ஏதுவாகிறது. துயரைக் காட்சிக்கூடத்தில் வைக்காமல் அடுக்களைக்கு அனுப்பிய இந்தத் துணிவு போற்றத்தக்கது.

ஒரு நாட்டின் துயரையும் இதே பொருள் சுமந்திருக்கிறது. முதல் உலகப்போர் தொடங்கியதன் நூற்றாண்டான 2014-ல், மட்கலைஞர் பால் கம்மின்ஸும் அரங்க வடிவமைப்பாளர் டாம் பைப்பரும் லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் 8,88,246 சிவந்த சுடுமண் பாப்பி மலர்களை நட்டனர். பிரித்தானியத் தரப்பிலும் அதன் குடியேற்ற நாடுகளின் தரப்பிலும் மாண்டவர்களில் ஒருவருக்கு ஒரு மலர் என்பது கணக்கு. கையால் செய்யப்பட்டதால் எந்த இரு மலரும் ஒன்றுபோல் இல்லை. ஜூலையிலிருந்து நவம்பர் 11 வரை தன்னார்வலர்கள் நட்டுக்கொண்டேயிருந்தனர். அந்தி நேரங்களில் இறந்தோரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. மலர்கள் ஒவ்வொன்றும் 25 பவுண்டுக்கு விற்கப்பட்டு, பின்னர் பலரின் வீடுகளுக்குச் சென்றன. எதிரணியில் மாண்டோரை விட்டுவிட்டுத் தம்மவரை மட்டும் எண்ணியது குறுகிய நோக்கு என்று கூறிய விமர்சகர்களின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், ஏட்டில் வெறும் எண்ணாகக் கிடந்த சாவுகளை ஒவ்வொன்றாகக் கையால் செய்து, ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றியதில், புள்ளிவிவரத்தால் ஆகாத ஒன்று நடந்தது.

துயருக்கும் மண்ணுக்குமான இந்தத் தொடர்பு தமிழர்க்குப் புதியதன்று. இறந்தோரைப் பெருந்தாழியில் இட்டுப் புதைத்த பழந்தமிழகத்தில், துயருற்றவர் முதலில் நாடிச் சென்ற கைவினைஞன் குயவனே. புறநானூற்றின் 256-ஆம் பாடலில், உடன்வந்த கணவனை வழியில் இழந்த பெண்ணொருத்தி, தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யும்படி ஊர்க்குயவனிடம் கேட்கிறாள். 228-ஆம் பாடலில் ஐயூர் முடவனார், மாண்ட சோழனின் பெருமைக்கு ஈடான தாழியை எப்படித்தான் வனையப்போகிறாய் என்று குயவனுக்காக இரங்குகிறார். இரண்டிலும் ஆற்றாமை ஒரு மட்கலத்தின் அளவைப் பற்றிய பேச்சாக மாறுகிறது.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளின் ஐயனார் கோயில்களில் நடைபெறும் புரவி எடுப்பும் இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. நோய் தீர்ந்ததற்கும் பிள்ளை பிறந்ததற்கும் நேர்ந்துகொண்டவர்கள் குதிரையையும், மதலை எனப்படும் குழந்தை உருவத்தையும், கை கால் போன்ற உறுப்பு வடிவங்களையும் செய்து தரும்படி, குயவர்களான வேளாரிடம் பிடிமண் எனப்படும் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துத் தொடங்கிவைக்கின்றனர். வேளார் வனைந்து, சூளையிட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்த பின், ஊரார் அவற்றைச் சுமந்துசென்று கோயிலில் சேர்க்கின்றனர். இதை உளவியல் சிகிச்சை என்று சுருக்கிவிடுவது நம்பிக்கையைக் கொச்சைப்படுத்துவதாகும். மேலும் இங்கே துயருற்றவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். எனினும் உள்ளே கிடந்த வேண்டுதலுக்கு மண்ணால் உடல் கொடுத்து, அதை ஊர் முழுவதும் காணச் சுமந்து, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவராமல் விட்டுவருவது என்ற அமைப்பில், இக்காலப் பட்டறைகள் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பழைய உருவங்கள் வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பதில்லை, அடுத்த எடுப்புக்குப் புதியவை வருகின்றன. செய்த பொருளை என்றென்றைக்கும் காத்துவைப்பது மனம் ஆறுவதற்குத் தேவையில்லை என்பதை இவ்வழக்கம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

இக்காரணத்தால்தான், ஒருவர் செய்த உருவத்தைச் சுடுவதா வேண்டாமா என்ற கேள்வியைப் பயிற்சியாளர் தாமே முடிவு செய்யக் கூடாது. சிலருக்கு அது நிலைபெற்றாக வேண்டும்; சிலருக்கு அதை நீரில் போட்டு, மூக்கும் வாயும் கரைந்து குழம்பாவதைப் பார்த்தாக வேண்டும். உருவத்துக்குப் பொருள் சொல்வதிலும் அதே கட்டுப்பாடு தேவை: நெஞ்சில் குழி விழுந்த ஓர் உருவத்தைக் கண்டவுடன் அதற்கு விளக்கம் தருபவர், செய்தவரின் சொல்லை இரண்டாம் முறை பறிப்பவராகிறார். கொடுமைக்கு ஆளானவரிடம் அந்நிகழ்ச்சியையே உருவமாக்கச் சொல்வது, தக்க பயிற்சி இல்லாதவர் கையில் காயத்தை மீண்டும் கீறிவிடக்கூடும். தற்கொலை எண்ணம், நீங்காத மனச்சோர்வு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரே முதலில் தேவை. களிமண் அதனோடு சேர்ந்து வரலாம், அதற்கு மாற்றாக வர முடியாது.

தொடங்க விரும்புவோருக்குத் தேவைப்படுவன மிகச் சில. குயவரிடம் கிடைக்கும் பதப்படுத்திய மண், ஒரு மரப்பலகை, ஒரு வாளி நீர், அறுப்பதற்கு ஒரு கம்பி, போர்த்துவதற்கு ஒரு நெகிழித்தாள் ஆகியவை போதும். உருவம் சற்றுப் பெரிதானால், சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த தூளை மண்ணோடு கலந்துகொள்வது சுருக்கத்தையும் விரிசலையும் குறைக்கும். உலர்ந்த களிமண் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருப்பதால், வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சூளை இல்லாதவர்கள் தாம் செய்ததை நன்கு உலர்த்தி, உள்ளூர்க் குயவரின் அடுத்த சூளையில் பானைகளோடு சேர்த்து வைத்துத் தரும்படி கேட்கலாம். சுவர் விரல் பருமனுக்கு மேல் போகாமலும், உட்காற்று வெளியேற அடியில் ஒரு சிறு துளை விடப்பட்டும் இருந்தால், அவரும் தயங்காமல் ஏற்றுக்கொள்வார்.